முந்நூறு இடுப்புகளை மறுபடியும் திறந்தவர்: அறுவை மருத்துவர் ஜோன் சார்ன்லி

வீட்டில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இது தெரிந்த கதைதான். பயந்துகொண்டே மருத்துவமனைக்குப் போன பெரியவர் சில நாளில் ஊன்றுகோலோடு வீடு திரும்புகிறார். சில மாதத்தில் கோயிலுக்கும் சந்தைக்கும் தானே நடந்து போகிறார். பத்துப் பதினைந்து ஆண்டுக்குக் கவலை இல்லை.

பிறகு ஒரு நாள் தொடையில் வலி. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், உள்ளே வைத்தது தளர்ந்துவிட்டது, மறுபடியும் திறந்து மாற்ற வேண்டும் என்கிறார். இந்த முறை இரத்தம் அதிகம் போகலாம், ஏற்ற வேண்டியும் வரலாம் என்று சொல்லிப் பாரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். முதல் தடவை இல்லாத பயம் இப்போது குடும்பத்தையே பிடித்துக்கொள்கிறது.

ஒரே இடம், ஒரே மூட்டு. இரண்டாவது தடவை மட்டும் ஏன் இவ்வளவு கடினம்? இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளாமல், தன் கையாலேயே செய்து தெரிந்துகொண்டவர் ஒருவர் இருந்தார். இன்று உலகமெங்கும் நடக்கும் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு வடிவம் கொடுத்த ஆங்கிலேய மருத்துவர் சர் ஜோன் சார்ன்லிதான் அவர். அவர் முதலில் வைத்த மூட்டுகளில் ஏறக்குறைய 300 வீணாய்ப் போயின. அந்த நோயாளிகளை மறுபடியும் மேசையில் படுக்க வைத்து, தன் தவற்றைத் தானே வெளியே எடுத்தவர் அவர்.

இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டம் அக்காலத்தில் பஞ்சாலைகளின் நாடு. அங்கே பெரி என்ற ஆலை நகரத்தில் 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் தேதி சார்ன்லி பிறந்தார். தந்தை மருந்துக்கடை வைத்திருந்தார். தாயார் தாதியாகப் பயிற்சி பெற்றவர். மருந்து வாசமும் நோயாளிகளைப் பற்றிய பேச்சும் உள்ள வீடு. பையன் மருத்துவம் படிக்கப் போனதில் ஆச்சரியம் இல்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்து 1935இல் மருத்துவரானார். அடுத்த ஆண்டே, 25 வயதில், அறுவை மருத்துவர்களுக்கான உயர் தேர்விலும் தேறினார். அந்த வயதில் அதைத் தாண்டியவர்கள் மிகக் குறைவு.

1940இல் இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படைகளைக் கப்பலேற்றி மீட்ட காலம் அது. பிறகு எகிப்துக்கு அனுப்பப்பட்டார். பாலைவனப் போரில் கால் உடைந்து வந்த வீரர்களுக்கு எலும்பு கட்டுவது அவர் வேலை. அங்கே ஒரு பட்டறையும் கிடைத்தது. உடைந்த காலைத் தாங்கும் சட்டங்களைத் தானே வரைந்து, இரும்புக் கம்பியை வளைத்து, கைதேர்ந்த ஆட்களை வைத்துச் செய்து பார்த்தார். எலும்பு மருத்துவர் பாதி, பட்டறைக்காரர் பாதி என்ற அவருடைய குணம் அங்கேதான் உறுதிப்பட்டது. கடைசிவரை அது மாறவில்லை. பின்னாளில் தன் வீட்டிலேயே லேத் இயந்திரம் வைத்து, அறுவைக்கு வேண்டிய பிளாஸ்டிக் கிண்ணங்களைத் தானே கடைந்தவர் அவர்.

சோதனை என்று வந்துவிட்டால் அவர் தன் உடம்பையும் விட்டுவைக்கவில்லை. போர் முடிந்து ஓஸ்வெஸ்ட்ரி என்ற ஊரின் எலும்பு மருத்துவமனையில் வேலை செய்தபோது, எடுத்து ஒட்டிய எலும்பு எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க விரும்பினார். இளைய மருத்துவர் ஒருவரைச் சம்மதிக்க வைத்து, தன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலிருந்தே துண்டு எடுக்கச் செய்தார். அந்த இடத்தில் கிருமி புகுந்து சீழ் வைத்தது. மறுபடியும் அறுவை செய்ய வேண்டியதாயிற்று. இரண்டாவது அறுவை என்றால் என்ன என்பதை நோயாளியாகப் படுத்து அனுபவித்த முதல் பாடம் அது என்று சொல்லலாம்.

1947இல் மான்செஸ்டர் பெரிய மருத்துவமனையில் நிபுணரானார். 1950இல் எலும்பு முறிவுகளைத் திறக்காமலே சரிசெய்வது பற்றி அவர் எழுதிய நூல் எலும்பு மருத்துவ மாணவர்களின் பாடநூலாகவே ஆகிவிட்டது. அதோடு நின்றிருந்தாலும் பெயர் பெற்ற மருத்துவராகவே இருந்திருப்பார்.

ஆனால் ஒரு நோயாளியின் இடுப்பு கிறீச்சிட்டது. அந்த ஆளின் தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டு, பாரிஸ் நகர மருத்துவர்கள் உருவாக்கிய அக்ரிலிக் பந்து ஒன்றை யாரோ வைத்திருந்தார்கள். அவர் குனியும்போதெல்லாம் மூட்டு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் தாங்காமல் மனைவி அறையை விட்டே போய்விடுவாராம். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். சார்ன்லி யோசித்தார். எண்ணெய் போடாத கதவுக் கீல்தான் அப்படிச் சத்தம் போடும். பந்துக்கும் எலும்புக் கிண்ணத்துக்கும் இடையே உரசல் அதிகம். உரசல் அதிகமானால் பந்தின் தண்டு எலும்புக்குள் ஆட்டம் காணும். ஆட்டம் காணும் மூட்டு வலிக்கும்.

இடுப்பு மூட்டின் அமைப்பு எளிதுதான். தொடை எலும்பின் உச்சியில் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் அது உட்காரும் கிண்ணம். இரண்டின் மேலும் வழுவழுப்பான குருத்தெலும்பு. வாதம் வந்து அந்தக் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்பும் எலும்பும் உரசும். நடக்க முடியாது, படுக்க முடியாது, காலணி போடக் குனிய முடியாது. அந்நாளில் இதற்கு இருந்த வழிகளில் ஒன்று மூட்டை அசையாமல் ஒட்டவைத்துவிடுவது. வலி போகும், மூட்டும் போகும்.

சார்ன்லியின் யோசனையில் மூன்று பகுதிகள் இருந்தன. பந்து சிறியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் உரசலின் இழுவை குறையும். அவர் கடைசியில் வந்து நின்ற அளவு ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு, அதாவது சுமார் 22 மில்லிமீட்டர். கிண்ணம் வழுக்கும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். இரண்டையும் எலும்போடு அசையாமல் பிடிக்க, பல் மருத்துவர்கள் பயன்படுத்தி வந்த அக்ரிலிக் பொருளைச் சிமெண்டாகப் போட வேண்டும். சிமெண்டு விஷயத்தில் மான்செஸ்டர் பல் மருத்துவப் பள்ளியின் டென்னிஸ் ஸ்மித் துணை நின்றார்.

இந்த வேலைக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் விகன் நகருக்கு அருகே உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனை. அது காசநோயாளிகளுக்காகக் கட்டப்பட்டது. புதிய மருந்துகள் வந்து காசநோய் குறைந்ததும் படுக்கைகள் காலியாயின. பெரிய நகரத்து மருத்துவமனையில் இருந்த இடத்தை மெல்ல விட்டுவிட்டு, வயல்களுக்கு நடுவே இருந்த அந்த இடத்துக்கு வந்தபோது பலருக்கும் அது புரியவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே வகை அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்ய ஒரு கூடமும், பக்கத்திலேயே ஒரு பட்டறையும். இரண்டும் அங்கே கிடைத்தன.

கிண்ணத்துக்கு அவர் எடுத்த பிளாஸ்டிக் டெஃப்லான். இன்று ஒட்டாத தோசைக்கல்லில் பூசப்படுகிறதே, அதே பொருள். அதைவிட வழுக்குவது வேறொன்றும் அவருக்குத் தென்படவில்லை. உடம்போடும் அது ஒத்துப்போகும் என்றே எல்லாரும் நம்பினார்கள். 1950களின் கடைசியில் தொடங்கிய அறுவைகளின் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. பல ஆண்டாகத் தூங்காதவர்கள் தூங்கினார்கள். கட்டிலோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1961 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் இந்தப் புதிய அறுவையைப் பற்றி எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது.

ஓரிரு ஆண்டில் நோயாளிகள் ஒவ்வொருவராகத் திரும்ப வரத் தொடங்கினார்கள். எக்ஸ்ரேயில் பந்து கிண்ணத்தைக் குடைந்துகொண்டு உள்ளே போயிருந்தது. வழுக்கும் பொருள்தான், ஆனால் மெத்தென்றது. தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் போக இடமின்றி மூட்டைச் சுற்றித் தங்கின. உடம்பு அவற்றை அந்நியப் பொருளாகப் பார்த்தது. தயிர்க்கட்டி போன்ற வெள்ளைப் பொருள் சேர்ந்து, வீங்கிய திசு வளர்ந்து, சுற்றியிருந்த எலும்பையே அரித்தது. சிமெண்டும் ஆட்டம் கண்டது. வேறு பொருள் கலந்து கெட்டியாக்கிய டெஃப்லானையும் அவர் போட்டுப் பார்த்தார். அதுவும் காலை வாரியது.

தோற்றது ஒரு பிளாஸ்டிக் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்க முடியும். அவர் நகரவில்லை. எடுத்த ஏறக்குறைய 300 மூட்டுகளையும் மறுபடியும் திறக்கும் பொறுப்பைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். கடுமையான பேச்சும் பொறுமையின்மையும் உள்ளவர் என்று அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வேகமான கார்களை விரும்பி ஓட்டியவர். எதிலும் அவசரம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தப்பிக்க வழி தேடவில்லை. நம்பி வந்த மனிதர்களிடம், வைத்தது சரியில்லை, மறுபடியும் படுக்க வேண்டும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நாட்கள் அவை. அவர்களும் அவரை நம்பி மறுபடி படுத்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் அந்தப் பழைய கேள்விக்கு வரலாம். மறு அறுவையில் இரத்தம் ஏன் அதிகம் போகிறது?

முதல் தடவை கத்தி வைக்கும்போது தசைகளுக்கு நடுவே இயற்கையான பாதைகள் உண்டு. தசையை விலக்கினால் வழி கிடைக்கும். ஒருமுறை அறுத்துத் தைத்த இடத்தில் அந்தப் பாதைகள் இருக்காது. தோல், தசை, மூட்டுறை எல்லாம் தழும்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். வெட்டித்தான் போக வேண்டும். வெட்டும் இடமெல்லாம் கசியும். தேய்மானத் துகளைச் சுற்றி வளர்ந்த வீங்கிய திசுவில் மெல்லிய இரத்தக் குழாய்கள் நிறைய. தொட்டாலே இரத்தம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. தொடை எலும்பின் குழாய்க்குள் இறுகிப்போன சிமெண்டை உளியால் துண்டு துண்டாக உடைத்து எடுக்க வேண்டும். எலும்பு ஓரிடத்தில் மெலிந்திருந்தால் உளி வெளியே வந்துவிடும், அல்லது எலும்பு பிளந்துவிடும். நேரம் ஓடும். சதையில் அறுபட்ட குழாயை இடுக்கியால் பிடித்துக் கட்டிவிடலாம். எலும்புக்குள்ளிருந்து வரும் இரத்தத்தைக் கட்ட முடியாது. சலவைக்கல் மேடையில் நீர் சுரப்பதுபோல் அது எல்லாப் பக்கமும் சுரந்துகொண்டே இருக்கும். புதுச் சிமெண்டை அழுத்தி வைக்கும்போதுதான் அந்தச் சுரப்பு பெருமளவு அடைபடும். அதுவரை போவது போகத்தான் செய்யும்.

பெரிய மனிதர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உண்டு. முதல் மாற்று அறுவையில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போவது சாதாரணம். மறு அறுவையில் அது ஒரு லிட்டரைத் தாண்டி, சிக்கலான சிலருக்கு இரண்டு லிட்டரையும் தாண்டும். கண்ணுக்குத் தெரிவது மட்டும் கணக்கில்லை. அறுவை முடிந்த பிறகும் தொடைச் சதைக்குள் இரத்தம் கசிந்து தங்கும். மூன்றாம் நாள் தொடை முழுக்கக் கன்றிச் சிவந்து நீலம் பாரிப்பது அதனால்தான்.

சார்ன்லி இந்த வேலையைச் செய்த காலத்தில் இரத்தம் கண்ணாடிப் புட்டிகளில் வந்தது. இரத்த வகைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டுவிட்டன, ரீசஸ் வகை 1940இல் தெரிய வந்தது. ஆனால் தானமாக வந்த இரத்தத்தில் கல்லீரல் அழற்சிக் கிருமி இருக்கிறதா என்று சோதிக்க வழி அப்போது இல்லை. இரத்தம் ஏற்றுவது உயிரைக் காத்தது. சிலருக்கு நோயையும் கொண்டுவந்தது. ஆகவே இரண்டாவது அறுவைக்கு ஒருவரை அழைப்பது எந்த மருத்துவருக்கும் சாதாரண முடிவாக இருந்திருக்க முடியாது. அதை ஏறக்குறைய 300 முறை எடுக்க வேண்டிய நிலையில் அவர் இருந்தார்.

மாற்றுப் பொருள் வந்த விதம் லங்காஷயருக்கே உரியது. 1962 மே மாதத்தில், பஞ்சாலைத் தறிகளுக்கான பல் சக்கரங்கள் செய்யும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கை விற்க வந்த விற்பனையாளர் ரைட்டிங்டன் பட்டறைக்கு வந்தார். உயர் மூலக்கூற்று எடை கொண்ட பாலிஎத்திலீன் அது. பட்டறையில் இருந்த பொறியாளர் ஹாரி கிரேவன் ஒரு துண்டை வாங்கி வைத்தார். சார்ன்லி அதை நகத்தால் அழுத்திப் பார்த்தார். நேரத்தை வீணாக்காதே என்கிற தோரணையில் போய்விட்டார்.

கிரேவன் அதைத் தூக்கிப் போடவில்லை. சார்ன்லி ஒரு கூட்டத்துக்காகக் கோப்பன்ஹேகன் போயிருந்த நேரத்தில், தேய்மானத்தைச் சோதிக்கும் இயந்திரத்தில் அதை மாட்டி இரவும் பகலும் ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடிய பிறகும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. ஊர் திரும்பிய சார்ன்லி இயந்திரத்தைப் பார்த்தார். தன் கருத்தை மாற்றிக்கொண்டார். பெரிய டாக்டர் வேண்டாம் என்ற பிறகும் பட்டறைக்காரர் விடாமல் ஓடவிட்டதால் இன்று கோடிக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். கிரேவன் பெயர் அந்த அளவுக்கு யார் நினைவிலும் இல்லை.

இந்த முறை சார்ன்லி இயந்திரத்தை மட்டும் நம்பவில்லை. டெஃப்லானும் இயந்திரத்தில் ஓடிய பொருள்தானே. இரண்டு பிளாஸ்டிக்கின் துகள்களையும் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் தடவிப் பார்த்தார். டெஃப்லான் போன இடத்தில் கட்டி எழும்பிப் பெரிதானது. பாலிஎத்திலீன் போன இடத்தில் ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை. இந்த முடிவை 1963இல் லான்செட்டில் வெளியிட்டு, தான் முன்பு பரிந்துரைத்த பொருளை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று மற்ற மருத்துவர்களையும் எச்சரித்தார்.

1962 நவம்பரில் முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. டெஃப்லான் எடுக்கப்பட்டவர்களுக்கும் பிறகு அதுவே போனது.

அடிபட்டவர் எச்சரிக்கையானார். தன் மூட்டைச் செய்து கொடுத்த லீட்ஸ் நகர நிறுவனத்திடம், ரைட்டிங்டனுக்கு வந்து கற்றுக்கொண்ட மருத்துவர்களுக்கு மட்டுமே அதை விற்க வேண்டும் என்று பல ஆண்டுகள் கட்டுப்பாடு வைத்திருந்தார். பணம் பண்ணத் தெரியாதவர் என்று சிலர் சொன்னார்கள். முதல் அறுவை சரியாகச் செய்யப்பட்டால்தான் இரண்டாவது தேவைப்படாது என்பது அவர் கணக்கு. நோயாளிகளை ஆண்டுதோறும் வரவழைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நீண்ட காலப் பலனை 1972இல்தான் விரிவாக வெளியிட்டார்.

இன்னும் ஒரு படி மேலே போய், நோயாளிகளிடம் ஒரு விசித்திரமான வேண்டுகோளும் வைத்தார். இறந்த பிறகு அந்த மூட்டை எடுத்துப் பார்க்க அனுமதி தர முடியுமா என்று. நம் பக்கம் கேட்டால் எத்தனை குடும்பம் சம்மதிக்கும் என்று தெரியாது. லங்காஷயரின் அந்த ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் பலர் சரி என்றார்கள். நடக்க வைத்தவருக்குத் திருப்பிக் கொடுப்பதாக அவர்கள் நினைத்திருக்கலாம். எலும்புக்குள் சிமெண்டு எப்படிப் பிடித்திருக்கிறது, பிளாஸ்டிக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை உலகம் கற்றுக்கொண்டது அந்த மூட்டுகளிலிருந்துதான்.

மறு அறுவைக்கு இன்னொரு காரணம் கிருமி. தொடக்கத்தில் அவருடைய நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் மேல் மூட்டில் சீழ் வைத்தது. சீழ் வைத்த மூட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும். காற்றில் மிதந்து வரும் கிருமிதான் காரணம் என்று அவர் முடிவு செய்தார். போல்டன் நகரில் ஆலைகளுக்குக் காற்று வடிகட்டும் கருவி செய்தவர்களைப் பிடித்து, அறுவை மேசையைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு போன்ற ஓர் அறையைக் கட்டினார். வடிகட்டிய காற்று மேலிருந்து இறங்கும். மருத்துவர்களின் மூச்சுக்காற்றையும் குழாய் வைத்து வெளியே உறிஞ்சும் உடையை அணியச் செய்தார். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். சீழ் வைப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. இன்றைய மூட்டு அறுவைக் கூடங்களில் மேலிருந்து இறங்கும் சுத்தக் காற்று அந்தக் கூண்டின் வாரிசுதான்.

இரத்தப் போக்கைக் குறைக்கும் பெரிய உதவி வேறு திசையிலிருந்து வந்தது. சார்ன்லி பாலிஎத்திலீனைக் கையில் எடுத்த அதே 1962இல், ஜப்பானில் உதாகோ ஒகமோட்டோ என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவர் கணவர் ஷோசுகேயும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தைப் பற்றி எழுதினார்கள். பிரசவத்தில் இரத்தம் போய்த் தாய்மார்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்பது உதாகோவின் எண்ணம். உறைந்த இரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் அந்த மருந்து பிடித்துக்கொள்ளும். அது இடுப்பு அறுவைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று முதல் அறுவையிலும் மறு அறுவையிலும் பல மருத்துவமனைகளில் அது வழக்கமான ஊசி. மறு அறுவையில் வெளியே வரும் இரத்தத்தையே உறிஞ்சி, கழுவி, சிவப்பணுக்களை மட்டும் அதே நோயாளிக்குத் திருப்பி ஏற்றும் இயந்திரமும் உண்டு. அறுவைக்குச் சில வாரம் முன்பே இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்த்து, இரும்புச்சத்து கொடுத்து அளவை உயர்த்துகிறார்கள். குறைவான இரத்தத்தோடு மேசைக்குப் போகிறவருக்குத்தான் பிறர் இரத்தம் அதிகம் தேவைப்படுகிறது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்துவதும் ஆபத்து, சொல்லாமல் போவதும் ஆபத்து.

மறு அறுவை முடிந்தவரைப் பார்க்கப் போகிற உறவினர்கள், போன தடவை மூன்றாம் நாளே நடந்தாரே, இப்போது ஏன் இப்படிச் சோர்ந்து கிடக்கிறார் என்று கேட்பதுண்டு. இழந்த நீரை உடம்பு ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும். சிவப்பணுக்களை உருவாக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை எழுந்தால் தலை சுற்றும், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும், பசி எடுக்காது. அது சோம்பலில்லை. எலும்பு மெலிந்தவர்களுக்கும் எலும்பு ஒட்டுப் போட்டவர்களுக்கும் காலில் முழு எடையையும் வைக்க வேண்டாம் என்று ஆறு வாரமோ அதற்கு மேலோ சொல்வார்கள். கட்டிலிலேயே கிடந்தால் காலில் இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு, ஆகவே எழுப்பி உட்கார வைப்பார்கள், நடக்கவும் வைப்பார்கள். சார்ன்லியின் குழுவினரே இந்த அபாயத்தை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார்கள்.

பாலிஎத்திலீனும் சாகாவரம் பெற்றதல்ல. அதன் துகளும் ஆண்டுக்கணக்கில் எலும்பை அரிக்கும் என்பது பின்னர் தெரிந்தது. தேய்மானம் குறைந்த புதிய வகைகள் வந்தது அதனால்தான். ஆனாலும் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் சார்ன்லி மூட்டு வைத்த 2000 இடுப்புகளை 25 ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, ஐந்தில் நான்கு மூட்டுகள் மாற்ற வேண்டிய தேவையின்றியே நிலைத்திருந்தன. டெஃப்லான் மூன்று ஆண்டு தாங்கவில்லை.

1957இல், 46ஆம் வயதை நெருங்கியபோது, பனிச்சறுக்குப் போன இடத்தில் அறிமுகமான ஜில் ஹீவரை அவர் மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். டெஃப்லான் காலத்தின் கவலைகள் எல்லாம் அந்தப் புது வீட்டுக்குள்தான் நடந்தன. வீட்டுப் பட்டறையில் கிண்ணம் கடையும் சத்தத்தையும் அந்தக் குடும்பம் கேட்டது.

விருதுகள் பிறகு வந்தன. 1974இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது, 1975இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி, 1977இல் சர் பட்டம். 1979இல் தன் அறுவை முறையை முழு நூலாக எழுதினார். அதில் தோல்விகளுக்கும் இடம் உண்டு.

1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி, 71ஆம் பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, மாரடைப்பால் அவர் காலமானார். கடைசிவரை வேலையை விடவில்லை.

ரைட்டிங்டன் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. மற்ற இடங்களில் வைத்த மூட்டு தளர்ந்து, மறு அறுவை கடினம் என்று கருதப்படும் நோயாளிகள் இங்கிலாந்தின் பல பகுதிகளிலிருந்தும் அங்கேதான் அனுப்பப்படுகிறார்கள்.